குளிர் எந்தப் பக்கம்?

அத்தியாயம் 6

மதியம் மூன்று மணிக்கே தெருவிளக்கைப் போட்டுவிடலாம் என்கிற அளவுக்குச் சிதம்பரம் இருட்டிக் கிடந்தது. மழை வரவில்லை. வருவேன் வருவேன் என்று காலையிலிருந்து பயமுறுத்திக்கொண்டிருந்தது. காரை விட்டு இறங்கிய லூர்து பிரகாஷுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"காத்தைப் பிழிஞ்சா ரெண்டு குடம் தண்ணி புடிக்கலாம் மேடம்."

வினோதினி தெருவின் கடைசியில் தனியாக நின்ற அந்தப் பச்சை வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. வாசலில் கோலம் இல்லை.

பத்து வருடம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து, எரிந்த கடைகளிலும் மூழ்கிய படகுகளிலும் பொய்யை மோப்பம் பிடித்துப் பழகியவள் வினோதினி. இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம். அதற்கு ஒரே உதவியாளன் லூர்து. அதற்கு முன்னால் ஏசி மெக்கானிக். மெக்கானிக் வேலையை விட்டாலும் ஸ்குரூ டிரைவரை விடவில்லை, வாயையும் விடவில்லை.

அன்று காலை குறிஞ்சிப்பாடியிலிருந்து மாலதி என்ற பெண் வந்திருந்தாள். அவள் கணவன் செந்தமிழ்செல்வன், வீட்டுச் சுவர்களுக்கு வெயில் இறங்காமல் இன்சுலேஷன் போடுகிற காண்ட்ராக்டர். தனி ஆளாகவே வேலை செய்கிறவர். இந்த வீட்டில் இரண்டு நாள் வேலை என்று வந்தவர் இரண்டாம் நாள் வீடு திரும்பவில்லை. அது நடந்து பதினோரு நாள். போன் அணைந்து கிடக்கிறது.

மீசை வைத்த கணவனின் போட்டோவோடு மாலதி கொடுத்துவிட்டுப் போன விசிட்டிங் கார்டை லூர்து மறுபடியும் எடுத்துப் பார்த்தான். பெயருக்குக் கீழே கொட்டை எழுத்தில் இருந்தது: 'பாலிதீன் ஷீட் வெளிப்பக்கம்தான் போடப்படும். உள்பக்கம் கேட்பவர்கள் வேறு ஆளைப் பார்க்கவும்.'

"கல்யாணப் பத்திரிகையிலயும் இதைப் போட்டிருப்பாரு போல."

"காலிங் பெல்லை அடி லூர்து."

கதவைத் திறந்தவர் ராஜமாணிக்கம். ஐம்பது வயது. சலவை வேட்டி, படிய வாரிய தலை. எதையும் அவசரப்பட்டுச் சொல்லாத குரல்.

"செந்தமிழ்செல்வனா? நல்ல வேலைக்காரருங்க. சாயந்திரம் அஞ்சு மணிக்கு முடிச்சிட்டாரு. நானே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில கொண்டுபோய் வுட்டேன். கடலூர் பஸ் ஏறுனதைப் பாத்தேன். அவுங்க வீட்ல பாவம், தவிச்சிப் போயிருப்பாங்க."

"அவர் செஞ்ச வேலையைப் பாக்கலாமா?" என்றாள் வினோதினி.

அவர் கை கதவைச் சாத்தப் போய்ப் பாதியில் நின்றது. "பாக்கலாமே. ஆனா அந்த ரூம்ல அண்ணன் படுத்திருக்காரு. சத்தம் போடாம வாங்க."

கூடத்தைக் கடக்கும்போது லூர்து சுவரைப் பார்த்தான். நான்கு ஆணிகள். அவற்றின் கீழே மங்காத பச்சையில் நான்கு சதுரங்கள். படங்களைக் கழற்றி அதிக நாள் ஆகவில்லை.

படுக்கையறை ஃபினாயிலும் சந்தனமும் கலந்து நாறியது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. திரையெல்லாம் இழுத்து விடப்பட்டிருந்தது. கட்டிலில் ஒரு மனிதர் சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தார். மொட்டைத்தலை. மூக்கு வரை போர்வை. கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"எங்க அண்ணன் தில்லைநாதன். காலேஜ்ல புரொபசரா இருந்து ரிட்டயர் ஆனவரு. பத்து நாளா பேச்சு இல்ல. காய்ச்சல்ல முடி கொட்டுச்சு, மழிச்சிட்டோம். புதுசா வந்திருக்கற டாக்டர் தம்பி ஒருத்தர்தான் வந்து பாக்கறாரு. கை விரிச்சிட்டாரு." ராஜமாணிக்கம் குரலைத் தாழ்த்தினார். "சூடே தாங்க மாட்டேங்கறாரு. ராப்பகலா ஏசி ஓடுது. அதுக்குத்தான் அந்தச் சுவருக்கு இன்சுலேஷன்."

போர்வைக்குள்ளிருந்து ஒரு கை மெல்ல வெளியே வந்து இன்னொரு முழங்கையைச் சொறிந்தது. சிவந்து, தடித்து, நகம் பட்டுப் புண்ணாகியிருந்த தோல்.

"கொசுங்களா சார்? எங்க ஊர் கொசுவா இருந்தா ஆளையே தூக்கிட்டுப் போயிருக்கும்," என்றான் லூர்து.

"மருந்து ஒத்துக்கல." ராஜமாணிக்கம் அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் திணித்தார். அக்கறையாகத்தான் செய்தார். ஆனால் அது மறுபடி வெளியே வராதபடி போர்வையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினார்.

வினோதினி அவரைக் கூடத்துப் பக்கம் நகர்த்தி, பஸ் நம்பரைப் பற்றிக் கேட்டுப் பேச்சை வளர்த்தாள். அந்த இடைவெளியில் லூர்து புதுச் சுவரின் ஸ்விட்ச் போர்டு தட்டைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தான். முதலில் ஜிப்சம் போர்டு. அதன் முதுகோடு ஒட்டிப் பளபளவென்று பாலிதீன் ஷீட். அதற்கும் பின்னால் மஞ்சளாகக் கிளாஸ் வூல், கண்ணாடி இழைப் பஞ்சு. விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தான். தட்டை மறுபடி மாட்டும்போது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

வாசலில் ராஜமாணிக்கம் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலரைக்கு அண்ணனுக்கு ஊசி போடணும். தப்பா நெனச்சிக்காதீங்க."

கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

காருக்கு வந்ததும் லூர்து பொரிந்து தள்ளிவிட்டான்.

"மேடம், அந்தச் சுவரை மூடுனது செல்வன் இல்ல. சத்தியமா இல்ல. ஷீட்டு ரூம் பக்கம் இருக்குது!"

"அதனால என்னா?"

"ஜில்லுனு தண்ணி ஊத்துன டம்ளர் வெளிய வேர்க்குமே, பாத்திருக்கீங்கல்ல? காத்துல இருக்கற ஈரம் எப்பவும் குளிரைத் தேடித்தான் போவும். நம்ம ஊர்ல ஈரம் வெளிய, ஏசிக் குளிர் உள்ள. அதனால ஷீட்டை வெளிப்பக்கம் போட்டு ஈரத்தை வாசல்லயே நிறுத்தணும். உள்பக்கம் போட்டா ஈரம் கிளாஸ் வூல் வரைக்கும் வந்துடும். அங்க குளுந்து கெடக்கற ஷீட்டுல முட்டித் தண்ணியாயிடும். சுவரு உள்ளுக்குள்ளயே அழுவும், பூஞ்சக்காளான் புடிக்கும். பனி கொட்டற நாட்டுலதான் உள்பக்கம் போடணும். அந்த மாதிரி எதையாவது செல்போன்ல பாத்துட்டு வேற எவனோ மூடியிருக்கான். செல்வனை என்னமோ பண்ணிட்டு, மிச்ச வேலையை இவனே முடிச்சிருக்கான்."

வினோதினி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு நிதானமாக ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உள்ள விரலை வுட்டியே, ஈரம் இருந்துச்சா?"

லூர்து தன் விரலைத் திருப்பிப் பார்த்தான். "இல்ல. காஞ்சிதான் இருந்துச்சு."

"பதினோரு நாள். ஊரே ஊறிக் கெடக்கு. ராப்பகலா ஏசி ஓடுதுன்னு அவரே சொல்றாரு. ஷீட்டு தப்பான பக்கம் இருந்தா?"

"தொட்டா கை நனையணும்." அவன் குரல் இறங்கியது. "எப்படி மேடம் காஞ்சிருக்கும்?"

"வா, வீட்டைச் சுத்தி வருவோம்."

பின்பக்கச் சந்தில் குப்பைமேடும் எருக்கஞ்செடியும்தான் இருந்தன. சுவரில் இரண்டு இயந்திரங்கள் மாட்டியிருந்தன. ஒன்று படுக்கையறை ஏசியின் வெளி யூனிட். இன்னொன்று பெரியது, பழையது, துருப்பிடித்தது. ஆனால் புது பெல்ட்டோடு சீராக உறுமிக்கொண்டிருந்தது. லூர்து அதன் அருகே போய்க் கையை நீட்டிப் பார்த்தான்.

"இது வீட்டு ஏசி இல்ல மேடம். கோல்டு ரூம் கம்ப்ரசர். மீன் குடோன்ல, ஐஸ்கிரீம் குடோன்ல வெப்பாங்க. வீட்டுக்குள்ள இதுக்கு என்னா வேலை?"

அந்தக் கேள்விக்குப் பதில் தெருமுனை டீக்கடையில் கிடைத்தது. கடைக்காரர் இளவரசு பேசுவதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தவர்.

"ராஜமாணிக்கமா? முன்னாடி ஐஸ்கிரீம் ஏஜென்சி எடுத்திருந்தாரு. வீட்டுக்குள்ளயே குளிர் ரூம் கட்டி வெச்சிருந்தாரு. அஞ்சு வருஷமாச்சு, மூடிட்டாரு. அவரோட அண்ணன் புரொபசரு நல்ல மனுசன். தெனமும் காலையில இங்கதான் டீ. இப்ப தம்பி யாரையும் உள்ள வுடறதில்ல. அண்ணனைக் கடைசியா ரெண்டு வாரத்துக்கு முந்தி பாத்தது."

"அவர் போட்டோ எதாவது இருக்குதாண்ணே?" என்றாள் வினோதினி.

"கடைத் தொறப்புக்கு அவர்தான் குத்துவிளக்கு ஏத்துனாரு." இளவரசு போனைத் துடைத்து ஒரு படத்தைக் காட்டினார். உயரமான மனிதர், சிரித்த முகம். உதட்டோரத்திலும் விளக்கைப் பிடித்த இரண்டு கைகளிலும் பளிச்சென்று வெண்புள்ளிகள், முழங்கை வரை. "சின்ன வயசுலேந்து இருக்காம். கொழந்தைங்ககூட வெள்ளைக் கை தாத்தான்னுதான் கூப்புடும்."

லூர்து டீ கிளாஸைக் கீழே வைத்தான். போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்த கை அவன் கண்ணுக்குள் நின்றது. சிவந்த கை. ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லாத கை.

"பாவம், இன்னிக்கு ராத்திரி தாண்டாதுபோல," இளவரசு தொடர்ந்தார். "நாளைக்குக் காலையில எறநூறு டீ வேணும்னு தம்பி இப்பவே சொல்லி வெச்சிட்டாரு. சாவு வீட்டுக்கு முன்கூட்டியே டீ சொல்ற ஆளை இப்பதான் பாக்கறேன்."

வினோதினி காசைக் கல்லாவில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். லூர்து பின்னாலேயே ஓடினான்.

"மேடம், அந்தத் தடிப்பு! அது மருந்து இல்ல, கிளாஸ் வூல் அரிப்பு. அந்தத் தூள் தோல்ல ஏறுனா ஊசி ஊசியா குத்தும். குளிப்பாட்டாம அதே துணியோட போட்டு வெச்சா வாரக்கணக்குல போவாது. எனக்கே வந்திருக்கு."

"அப்ப கட்டில்ல இருக்கறது?"

"செல்வன்." அவன் பச்சை வீட்டின் சாத்திய ஜன்னலைப் பார்த்தான். "மீசையை எடுத்து, மொட்டை போட்டு... உயிரோட இருக்காரு மேடம்! ஆனா அவரு இருக்கும்போது ஷீட்டைத் தப்பா போட்டது யாரு?"

"அதை அவரையே கேளு." வினோதினி போனில் இன்ஸ்பெக்டர் அருள்மொழியின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள். பழைய தீவிபத்து வழக்கு ஒன்றில் பழக்கமானவர். "போலீஸ் வர்றதுக்கு இருபது நிமிஷம் ஆவும். இப்ப மணி நாலு பத்து. அந்த நாலரை ஊசி போடக்கூடாது லூர்து. நீ ஏசி மெக்கானிக். கேஸ் லீக்குன்னு சொல்லு, என்ன வேணா சொல்லு. அந்த ரூமை விட்டு நகராதே."

முதல் மழைத்துளி அவன் நெற்றியில் விழுந்தது. ஒரு நகைச்சுவை சொல்லலாம் என்று தேடிப் பார்த்தான். ஒன்றும் கிடைக்கவில்லை.

"கேஸ் லீக்கா?" ராஜமாணிக்கம் கதவை அரையாகத் திறந்து கேட்டார்.

"ஆமா சார். சந்துல வாடை வந்துச்சு. முன்னாடி மெக்கானிக்கா இருந்தவன், மனசு கேக்கல. நோயாளி இருக்கற ரூமு. ரெண்டு நிமிஷம், காசெல்லாம் வேணாம்."

ராஜமாணிக்கம் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வழி விட்டார். "பாருங்க. நான் மருந்தை எடுத்துட்டு வந்துடறேன்."

அறைக்குள் போனதும் லூர்து ஏசியின் மூடியைச் சத்தமாகத் திறந்து வைத்தான். கட்டிலருகே மண்டியிட்டுப் போர்வையை முகத்திலிருந்து விலக்கினான். மழித்த முகத்தை மாலதி தந்த போட்டோவோடு மனதுக்குள் வைத்துப் பார்த்தான். அதே அகன்ற நெற்றி. அதே வெட்டுப்பட்ட புருவம். கண்கள் பாதி திறந்திருந்தன. ஆனால் எதையும் பார்க்கவில்லை.

"அண்ணே. செல்வன் அண்ணே. மாலதி அனுப்பிச்சாங்க."

அசைவில்லை. மருந்தின் ஆழத்தில் எங்கோ கிடந்தார். சமையலறைப் பக்கம் கண்ணாடிக் குப்பி உடையும் மெல்லிய சத்தம். ஊசி தயாராகிறது. லூர்து காதோடு வாயை வைத்து, தொழிலாளி தொழிலாளியிடம் கேட்பது போலக் கேட்டான்.

"அண்ணே, ஷீட்டை ஏன் உள்பக்கம் போட்டீங்க? தப்புல்ல?"

புருவம் சுருங்கியது. வாழ்நாள் முழுவதும் இதே கேள்விக்குப் பதில் சொல்லிச் சலித்த ஒரு மனிதனின் எரிச்சல், மயக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது. உதடுகள் அசைந்தன.

"தப்பில்ல... சூடு... சூடு இருக்கற பக்கம்தான் போடணும்..."

"ரூம்ல ஏசி ஓடுதேண்ணே. இதுதானே குளிர் பக்கம்?"

"இது... சூட்டுப் பக்கம்." நாக்கு குழறியது. "குளிர்... அந்தாண்ட. சுவரு வேர்க்குதுன்னாரு... அளவு பாக்க... கதவைத் தொறந்தேன்... அய்யோ..."

கண்ணோரத்தில் நீர் வழிந்தது.

லூர்து மெல்ல நிமிர்ந்து அந்தச் சுவரைப் பார்த்தான். காய்ந்து, வெள்ளையாக, ஒரு குறையும் இல்லாத சுவர். சரியாகப் போட்ட ஷீட். இருபத்து நான்கு டிகிரி ஓடும் இந்த அறையே வெயிலாகத் தெரிகிற அளவுக்குக் குளிரான ஏதோ ஒன்று, இரண்டடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வெண்புள்ளிக் கைகளுடைய புரொபசரை இரண்டு வாரமாக யாரும் பார்க்கவில்லை.

பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

ராஜமாணிக்கம் அறைக்குள் நின்றிருந்தார். கையில் மருந்து ஏற்றிய ஊசி. "மெக்கானிக் சார் ஏசியைப் பாக்கறீங்களா, சுவரைப் பாக்கறீங்களா?"

"ரெண்டையும் சார்."

"எதுவுமே பாக்காம போயிருக்கலாம்." அவர் கோபப்படவில்லை. கட்டிலின் விளிம்பில் வந்து உட்கார்ந்து, டிரிப்ஸ் குழாயை இரண்டு விரலால் பிடித்தார். "இவரும் அப்படித்தான். சுவரை மூடுன்னா மூடிட்டுப் போவ வேண்டியதுதானே? எத்தனை டிகிரின்னு பாக்கணும்னு உள்கதவைத் தொறந்தாரு. அங்கியே நில்லுங்க. இது குழாய்ல எறங்குனா பத்து நிமிஷம்தான்."

லூர்து நின்றான். அவன் காலருகே டிரிப்ஸ் ஸ்டாண்டின் சக்கரம் இருந்தது. ஊசிமுனை குழாயைத் தொடப் போன அதே நொடியில், இருந்த பலத்தையெல்லாம் திரட்டி அதை எட்டி உதைத்தான். ஸ்டாண்டு சரிந்தது. செல்வனின் கையிலிருந்து குழாய் பிய்த்துக்கொண்டு பறந்தது. ராஜமாணிக்கம் அவன்மேல் பாய்ந்தார். ஊசி லூர்துவின் சட்டையைக் கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் குத்தி முறிந்தது. இருவரும் தரையில் உருண்டார்கள். அந்தச் சலவை வேட்டிக்குள் இவ்வளவு பலம் இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. கழுத்தில் விரல்கள் இறுகின.

கதவு இரண்டே உதையில் பெயர்ந்தது. கான்ஸ்டபிள்கள் உள்ளே வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மழையில் நனைந்தபடி இன்ஸ்பெக்டர் அருள்மொழியும் வினோதினியும் வந்தார்கள்.

செல்வனை ஆம்புலன்ஸில் ஏற்றியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. நாடி இருக்கிறது, பிழைத்துவிடுவார் என்றார்கள். வினோதினி மாலதிக்குப் போன் போட்டு அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொன்னாள். மறுமுனையில் அழுகை அடங்குகிற வரைக்கும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

குளிர் அறையின் உள்கதவு சமையலறைக்கு அந்தப் பக்கம், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தது. சாவி ராஜமாணிக்கத்தின் அரைஞாணில் இருந்தது. அருள்மொழி திறந்தபோது வெள்ளையாகப் புகை புரண்டு வந்து எல்லோருடைய முழங்கால்களையும் தழுவியது.

ஐஸ்கிரீம் தட்டுகள் அடுக்குகிற நீளமான பலகையில் புரொபசர் தில்லைநாதன் கிடந்தார். வெளுத்த வேட்டி. நெற்றி நிறைய விபூதி. பின்மண்டையில் காயம் தெரியாதபடி தலையில் துண்டு கட்டியிருந்தது. உதட்டோர வெண்புள்ளிகளின் மேல் உறைபனி பூத்திருந்தது.

"டாக்டருக்குக் காட்ட ஒரு நோயாளி வேணும். சொந்தக்காரங்களுக்குக் காட்ட ஒரு முகம் வேணும்." வினோதினி யாரையும் பார்க்காமல் சொன்னாள். "கட்டில்ல இருந்தவரு செத்ததும் உங்க அண்ணன் பேர்ல டெத் சர்டிபிகேட் வாங்க. இவரு மாலைக்கு. நாளைக்குக் காலையில இங்கேந்து எடுத்துக் கூடத்துல கெடத்தியிருப்பீங்க. செல்வனை எங்க போட்டிருப்பீங்க?"

ராஜமாணிக்கம் அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விலங்கு மாட்டிய கையை நீட்டி, விலகியிருந்த துண்டின் ஓரத்தைச் சரிசெய்யப் போனார். கான்ஸ்டபிள் தடுத்தார்.

"தள்ளித்தான் வுட்டேன்," என்றார். "படிக்கட்டுல. வீட்டை அக்கா பேருக்கு எழுதப் போறேன்னான். கோவத்துல தள்ளுனேன். அவ்வளவுதான் பண்ணேன்."

"மத்ததெல்லாம்?" என்று கேட்டார் அருள்மொழி.

அப்போது ராஜமாணிக்கத்தின் சட்டைப் பையில் போன் அடித்தது. அருள்மொழி எடுத்துப் பார்த்தார். திரையில் 'அக்கா, திருச்சி' என்று இருந்தது.

"எடுக்காதீங்க." முதல்முறையாக ராஜமாணிக்கத்தின் குரல் உடைந்தது. "அவளுக்கு எதுவும் தெரியாது. எங்க ரெண்டு பேரையும் தூக்கி வளத்தவ."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்ஸ்பெக்டர் போனை வினோதினியிடம் நீட்டினார். வினோதினி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ராஜா? இன்னிக்காவது அவன் காதுல போனை வைய்யேண்டா. பேசாட்டிப் பரவால்ல, மூச்சு வுடற சத்தம் கேட்டாப் போதும் எனக்கு."

கம்ப்ரசர் சுவருக்கு அப்பால் உறுமிக்கொண்டிருந்தது. லூர்து தலையைக் குனிந்துகொண்டான்.

"அம்மா, நான் வினோதினின்னு பேசறேன். பக்கத்துல யாராவது இருக்காங்களா? கொஞ்சம் உக்காந்துக்குங்க."

நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு அந்தக் குரல் மிகவும் சின்னதாகக் கேட்டது.

"என் தம்பிக்கு என்னாச்சு?"

வினோதினி பலகையில் கிடந்தவரைப் பார்த்தாள். கதவோரம் நின்றவரைப் பார்த்தாள். அவர் கண்கள் தரையை விட்டு எழவில்லை.

"ரெண்டு பேருக்குமேம்மா," என்றாள். "ரெண்டு தம்பிக்குமே. நீங்க கெளம்பி வாங்க."